சலீம் பாயின் புறாவும் என் வெப்சைட்டும்

வெப்சைட் பண்ணிக் கொடுக்குற தொழில்ல கம்ப்யூட்டர் நம்மள என்னிக்கும் படுத்தாது. படுத்துறதெல்லாம் "போட்டோ நாளைக்கு அனுப்புறேன்"னு சொல்லிட்டுப் போற மனுஷங்கதான். இதே பொழப்புல மாட்டிக்கிட்டு முழிக்கிற அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சிங்களே, கடலூர் மஞ்சக்குப்பத்துலேருந்து உங்கள்ல ஒருத்தி சொல்றேன், கேளுங்க.

எனக்கு வாய்ச்ச வாடிக்கையாளர் சிதம்பரம் சலீம் பாய். ஸ்கூல் ஆண்டு விழா, பொறந்த நாள்னு போயி மேஜிக் ஷோ பண்றவரு. மேடையில பொட்டி, தட்டுன்னு எடுத்துக் கொடுக்குறது அவரு வீட்டுக்காரங்க மெகருன்னிசா அக்கா. இத்தனை வருஷமா ஒரு ஏஜென்ட் மூலமாத்தான் ஷோ வரும். பேனர்ல ஏஜென்ட் பேரு இருக்கும், வித்தை காட்டுறவரு பேரு இருக்காது. "ஒரே ஒரு ஸ்கூலாவது என் பேரச் சொல்லி என்னைக் கூப்பிடணும்மா"ன்னு பாய் சொன்னப்ப எனக்கே ரோஷம் வந்துடுச்சு. கூப்பிட வச்சுக் காட்டுறேன்னு வாக்குக் கொடுத்துட்டேன்.

எங்களைப் பற்றி

எல்லா சைட்டுலயும் 'எங்களைப் பற்றி'ன்னு ஒரு பக்கம் இருக்குமே, அதுக்கு மேட்டர் கேட்டேன். என்னென்ன ஐட்டம் பண்ணுவீங்க பாய்? "நெறைய." பொட்டிக்குள்ள அக்கா போனா என்ன ஆகும்? "அத வந்து பாக்கணும்." எத்தனை நிமிஷம்? "அதையும் சொல்லிட்டா அப்புறம் என்னம்மா மேஜிக்?" மூணு தடவை சிதம்பரத்துக்கு பஸ் ஏறிப் போயும் நாலு வரி தேறல.

எரிச்சலோட அக்கா பக்கம் திரும்பினேன். அவுங்க டீய கையில கொடுத்துட்டுச் சிரிச்சாங்க. "என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப, மாப்பிள்ளைக்கு என்ன வேலைன்னு எங்க வாப்பா கேட்டாரு. அன்னிக்கும் இவரு இதே மாதிரி 'வந்து பாருங்க'ன்னுதான் சொன்னாரு."

மேடையைச் சுத்தம் பண்ணினது

சைட்டு ஒரு வழியா ஓட ஆரம்பிச்சுது. அது எங்க இருக்குன்னு பாய் கேட்டாரு. எங்கேயோ மும்பைப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர்ல வாடகைக்கு எடம் புடிச்சு வச்சிருக்கேன், கடைக்கு எடம் புடிக்கிற மாதிரின்னு வெளக்கினேன். "என் கடைதானே, சாவி கொடு"ன்னாரு. நியாயம்தானேன்னு பாஸ்வேர்டக் கொடுத்தேன். என் புத்தியச் செருப்பால அடிக்கணும்.

ரெண்டாம் நாள் மத்தியானம் போன். "சைட்டக் காணோம்மா!" ஊருல உள்ள பொருளையெல்லாம் காணாம அடிக்கிற மனுஷன் இதச் சொன்னா எப்படி இருக்கும்! உள்ள போய்ப் பாத்தா, வாசல் மட்டும் இருக்கு, வீட்டக் காணோம். என்னென்னமோ பேருல ஃபைல் கெடக்குதேன்னு ஒன்னு விடாம அழிச்சிருக்காரு. நல்ல வேளை, என்கிட்ட இன்னொரு நகல் இருந்துச்சு. ஏன் பாய் இப்படிப் பண்ணினீங்கன்னு கத்தினேன். அவரு குரல ஒசத்தவே இல்ல. "ஷோ முடிஞ்சா மேடையில ஒரு நூலு கூட விட்டுட்டு வரக் கூடாதும்மா, அது எங்க தொழில் பழக்கம்."

நான் எடுத்த வீடியோ

இப்ப என் லட்சணத்தச் சொல்றேன். புவனகிரியில ஒரு கல்யாண மண்டபத்துல பாய் ஷோ. சைட்டுல போட வீடியோ எடுக்கப் போனேன். முன்னாடி ஒரே கூட்டம், மேடைக்கு எடது பக்கமா நின்னு எடுத்தேன். புறா வர்ற எடம் பிரமாதமா விழுந்திருந்துச்சு. பெருமையா முதல் பக்கத்துலயே போட்டேன்.

பத்தே நாள்ல காட்டுமன்னார்கோயில் ஸ்கூல் ஒன்னுலேருந்து டீச்சர் கூப்பிட்டாங்க. ஏஜென்ட் இல்லாம, சலீம் பாய்னு பேரு சொல்லி! ஃபோன்லயே துள்ளிக் குதிச்சேன். கடைசியில சொன்னாங்க: "வீடியோவ கிளாஸ்ல போட்டுக் காட்டினோம். புறா இருக்குறது கோட்டுக்குள்ள எடது பக்கப் பையிலதான்னு பசங்க கண்டுபுடிச்சுட்டாங்க, செம ஆர்வமா இருக்காங்க." உடனே வீடியோவப் போட்டுப் பாத்தேன். பக்கத்துலேருந்து எடுத்ததுல பை பட்டவர்த்தனமாத் தெரியுது. வித்தைய மறைக்கிறவரோட வித்தைய நான் ஊருக்கே தொறந்து காட்டியிருக்கேன். வீடியோவத் தூக்கினேன், ஆனா பாத்த கண்ணத் தூக்க முடியுமா?

சிதம்பரம் போயி ரெண்டு பேருகிட்டயும் சொல்லி அழுதுட்டேன். ஷோவ வேண்டாம்னு சொல்லிடலாமான்னும் கேட்டேன். அக்காதான் பதில் சொன்னாங்க. "எடுத்தது நீ, பாத்தது அவுங்க, மேடையில ஏறி நிக்கப் போறது நாங்க; வேண்டாம்னு சொல்ல நீ யாரு?"

காட்டுமன்னார்கோயில்

ஷோ அன்னிக்குக் கடைசி வரிசையில உக்காந்திருந்தேன். பாய் கோட்டோட மேடையேறினதுமே பசங்க ஆரம்பிச்சுட்டாங்க, "கோட்டு! கோட்டு! எடது பக்கம்!" சொதப்பினா மறுபடியும் அந்த ஏஜென்ட் பேனருக்குக் கீழதான். பாய் சிரிச்சுக்கிட்டே கோட்டக் கழட்டி, ஜாஸ்தி கத்தின ஒரு பொண்ணு கையில கொடுத்தாரு. "தேடும்மா." அவ உள்ளயும் வெளியவும் உதறிப் பாத்தா. ஒன்னும் இல்ல. பாய் சட்டைக் கையையும் மடிச்சு விட்டுட்டு நின்னாரு. அத்தனை கண்ணும் அவரு மேலதான்.

அந்த நேரம் பாத்து, இத்தனை வருஷமா யாரும் திரும்பிக் கூடப் பாக்காத மெகருன்னிசா அக்கா, ஓரத்துலேருந்து வெறும் தட்டோட நடுமேடைக்கு வந்தாங்க. தட்டு மேல ஒரு துணியப் போட்டு மூடினாங்க, எடுத்தாங்க. புறா படபடன்னு பறந்து ஃபேன் கம்பியில போயி உக்காந்துச்சு. எப்படின்னு என்னைக் கேக்காதீங்க, சத்தியமா எனக்கும் தெரியாது. கூரை பிச்சுக்குற மாதிரி கைதட்டு. கோட்டு வச்சிருந்த பொண்ணு, "மிஸ், அந்த வீடியோதான் ஏமாத்து வேலை!"ன்னு கத்தினா. நான் அங்கேயே அழுதேன்.

வெளிய வந்தா, அந்த டீச்சர் அடுத்த வருஷத்துக்கும் பாய் நம்பரக் குறிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. வேன்ல பொட்டிய ஏத்தும்போது பாய் என்னைத் தனியாக் கூப்பிட்டாரு. திட்டப் போறாருன்னு தலையக் குனிஞ்சு நின்னேன். "சைட்டுல மேல என் பேரு மட்டும் போட்டிருக்கியேம்மா, அவ பேரையும் போடு, ரெண்டும் ஒரே சைஸ்ல இருக்கட்டும்."

வாடிக்கையாளருக்கு இருபத்திநாலு மணி நேரமும் சப்போர்ட்னு நாமெல்லாம் விசிட்டிங் கார்டுல அச்சடிச்சு வச்சிருக்கோம், என் விஷயத்துல அதைக் கொடுத்தது வாடிக்கையாளர்தான்.