பதினேழாம் நிரையில் மயிலு

ரப்பர் மரத்தைக் காயப்படுத்தினால் வெட்டுக்காரிக்கு வேலை போகும். ஆறு வயதுப் பிள்ளையைக் குளிர்சுரத்தில் மருந்தில்லாமல் சாகவிட்டவனுக்கு என்ன போகும் என்று உங்களால் சொல்ல முடியுமா?

கடல் கடந்த ரந்தாவ் ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பஞ்சாலை என்பவள் பதினோரு வருடம் பால்மரம் வெட்டினாள்; பட்டையைச் சீவிப் பால் எடுக்கிற வேலை. புருஷன் ஒருநாள் விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வரவில்லை. பகாவ் ஊர்ப் பக்கம் ஓடிவிட்டான் என்றார்கள். மிச்சமிருந்தது மகள் மயிலம்மாள், மயிலு. அவளும் 1931 மழைக்காலத்தில் மூன்று நாள் நடுங்கி, நான்காம் நாள் அடங்கிப்போனாள். மரங்களின் பதினேழாம் நிரை முடிகிற சதுப்போரம் புதைத்தார்கள். கல் இல்லை, பெயர் இல்லை. ஒரு மழைக்குப் புல் மூடிக்கொண்டது.

அந்த நிரை பஞ்சாலையின் நிரைதான். விடிகிற நேரத்தில் பனி தரையோடு படர்ந்திருக்கும்போது மரங்கள் கணுக்கால் இல்லாமல் நிற்கும். பால் சொட்டும் மங்குக் கிண்ணங்கள் வெள்ளை வெள்ளையாய் அந்தரத்தில் தொங்கும். கடைசி மரத்தருகே வரும்போது, பின்னால் சின்னப் பாதங்கள் சருகை மிதிப்பதுபோல் இருக்கும். ஆவி, பேய் என்று அவள் நினைத்ததில்லை. தன் நெஞ்சு செய்கிற வேலை என்று அவளுக்கே தெரியும். ஆனாலும் அந்த மரத்தில் கத்தியை மெதுவாகத்தான் இழுப்பாள்.

1933இல் ரப்பர் விலை படுத்துக் கிடந்தது. ஆள் வேண்டாம் என்று ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். பட்டியலில் பஞ்சாலை பெயரும் ஏறிற்று. அடுத்த மாதக் கடைசியில் கப்பல். அவள் போய்விட்டால், அந்தப் புல்லுக்கடியில் ஒரு பிள்ளை இருக்கிறது என்று சொல்ல எவரும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ரந்தாவ் கடைத்தெருவுக்கு வந்தவள், அப்துல் ஜலீலின் தேத்தண்ணீர்க் கடை வாசலில் நின்றாள். ஜலீல் வாரம் தவறாமல் பத்திரிகையை உரக்கப் படிப்பார். உள்ளே, தோட்டத்தில் அவர்களை வேலை வாங்கும் மண்டோர் நல்லசாமி பிரம்பை மடியில் வைத்து ரொட்டி தின்றுகொண்டிருந்தான்.

"நியூசிலாந்துக்குக் கெழக்கால கடல்ல தீவு இருக்காம். ரெகோஹுன்னு பேரு. அங்க மொரியோரின்னு ஒரு சனம். அதுல கலப்பில்லாத கடைசி ஆளு மௌத்தாயிட்டாராம். அதோட அந்தச் சனமே அழிஞ்சுபோச்சுன்னு போட்டிருக்கான்."

"அவருக்குப் புள்ளைங்க இல்லையா பாய்?" என்று கேட்டாள் பஞ்சாலை.

"இருக்காங்கன்னும் போட்டிருக்கு."

"புள்ளைங்க இருக்கையில எப்படி பாய் அழிஞ்சுச்சு?"

"அத எழுதினவன்ட்டதான் தங்கச்சி கேக்கணும்" என்று ஜலீல் மேலே படித்தார். "சண்டை வந்தா கட்டைவிரல் தண்டிக் கம்பாலதான் அடிச்சுக்குவாங்க. மொத ரத்தம் தெரிஞ்சா நிறுத்திரணும். கொல்லவே கூடாது. நுனுக்குன்னு ஒருத்தர் வச்ச சட்டம். நூறு வருசத்துக்கு முந்தி வெளியாளுங்க கப்பல்ல வந்து எறங்கினப்ப எல்லாரும் கூடிப் பேசியிருக்காங்க. எளவட்டங்க சண்டை போடலாம்னிருக்கு. பெரியவங்க, சட்டத்த மீற மாட்டோம்னுட்டாங்க. வந்தவங்க கொன்னு போட்டு, மிஞ்சினவங்கள அடிமையாக்கிட்டாங்க."

"மடப்பசங்க" என்றான் நல்லசாமி. "கம்பு ஓங்கத் தெரியாட்டி வாங்கிக்கட்டத்தான் வேணும் லா."

"நீங்க ஓங்குறதும் திருப்பி அடிக்காதவங்க மேலதானே மண்டோரே?" என்றார் ஜலீல்.

கடையே சிரித்தது. நல்லசாமி ரொட்டியைப் பார்த்துக் குனிந்துகொண்டான். ஆயுதமில்லாமல் நின்றவனை மடையன் என்பதும், வெட்டியவனை வீரன் என்பதும் அந்தக் கடையில் பிறந்த வழக்கமல்ல. சரித்திரம் எழுதுகிற பெரிய மேசைகளிலும் அதுதான் நடக்கிறது.

கடைசி நாலு வரியை ஜலீல் தாழ்ந்த குரலில் படித்தார். அந்தச் சனம் உயிர் மரங்களின் பட்டையில் மனித உருவங்களைச் செதுக்கியிருக்கிறது. செத்துப்போனவர்களின் நினைவு அது என்று சிலர் சொல்கிறார்கள்.

பஞ்சாலை வாங்க வந்ததை மறந்து திரும்பி நடந்தாள். வழியெல்லாம் காணாத ஒரு தீவு கூடவே வந்தது. காற்றடிக்கும் கரை, வளைந்த மரங்கள், ஒவ்வொரு மரத்திலிருந்தும் ஒருவர் வெளியே பார்க்கிறார்.

மறுநாள் பால் எடுத்து முடித்ததும் கடைசி மரத்தின் சதுப்புப் பக்கம் உட்கார்ந்தாள். பால்வெட்டுக் கத்தியால் ஒரு சின்னத் தலை, இரண்டு கை, முட்டி மடங்கிய கால் வரைந்தாள். கோடுகளில் பால் ஊறி வழிந்தது. வெள்ளையாய் ஒரு பிள்ளை மரத்தில் எழுந்து நின்றது. அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் மரம் பார்க்க வந்த நல்லசாமி கண்டுவிட்டான். நகத்தால் கோட்டைச் சுரண்டிப் பார்த்தான்.

"காயப் புத்தகத்துல எழுத வேண்டியதில்ல. காயமே இல்ல" என்றான். "நல்ல கை உனக்கு. ரெண்டு மூணு வருசத்துல பட்டை வளந்து மூடிரும். இப்படி ஒண்ணு இருந்துச்சுன்னே தெரியாது."

அப்போதுதான் பஞ்சாலைக்குப் புரிந்தது. கத்தி மரக்கட்டையில் படாமல் பட்டையை மட்டும் சீவ வேண்டும். பதினோரு வருடம் அடித்துப் பழக்கிய கை அது. தன் பிள்ளையைச் செதுக்கும்போதும் கம்பெனி மரத்தைக் காப்பாற்றியிருக்கிறது. உருவம் நிற்க வேண்டுமானால் கட்டைவரை இறங்க வேண்டும். காயம் என்று எழுதப்பட்டால் கப்பலும் இல்லை, லயத்துக் குடியிருப்பில் இடமும் இல்லை; நடுத்தெருதான்.

மறுநாள் மதியம் மறுபடி உட்கார்ந்தாள். கத்தியை அழுத்தினாள், பட்டையின் அடியில் கை தானாக நின்றது. இன்னொரு தரம் அழுத்தினாள், மறுபடி அங்கேயே நின்றது. பிறகு இடக்கையால் வலக்கையைப் பிடித்து உள்ளே தள்ளினாள். கட்டையில் கத்தி கிறீச்சிட்டது. தலையும் தோளும் கைகளும் முடிந்து, ஒரு கால் மீதியிருக்கையில் பின்னால் சருகு நொறுங்கியது. இம்முறை அது நிஜப் பாதம்.

நல்லசாமி மரத்தைப் பார்த்தான். பிரம்பு இறங்கியது. அவள் விரல்முட்டி பிளந்து சிவப்பு எட்டிப்பார்த்தது.

பஞ்சாலை கையை இழுக்கவில்லை. அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"ரத்தம் வந்துருச்சு மண்டோரே. நிறுத்துங்க."

ஓங்கிய பிரம்பு அப்படியே நின்றது. கடையில் கேட்டது அவனுக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். அவன் அந்த விரலைப் பார்த்தான், மரத்தைப் பார்த்தான். கட்டைவிரல் தண்டிதான் அவன் பிரம்பும்.

"மயிலுவா?" என்றான்.

"ஆமா."

"மிச்சக் காலையும் வெட்டு."

சொல்லிவிட்டுப் போனவன், தார் டின்னோடு திரும்பி வந்தான். காயம்பட்ட மரத்துக்குத் தார் பூசுவது தோட்டத்துச் சட்டம். சட்டப்படியே பூசினான், கோடு தவறாமல். அவன் மனம் திருந்திவிட்டான் என்று நான் சொல்லவில்லை. மறுவாரம் இன்னொருத்தியை அடித்தான். ஆனால் பதினேழாம் நிரையைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை.

பஞ்சாலை கப்பல் ஏறினாள். கரை மங்கலாகிக் கரைகிற வரைக்கும் மேல்தட்டில் நின்றாள். கடலுக்கு அந்தப் பக்கம் எங்கோ ஒரு தீவு, இந்தப் பக்கம் ஒரு நிரை; இரண்டிலும் மரங்கள் ஆட்களைச் சுமந்து நிற்கின்றன என்று நினைத்துக்கொண்டாள். தாரில் கறுத்த அந்தப் பிள்ளையைச் சுற்றி, வருடங்கள் கழிந்த இப்போது, பட்டை உதடுபோலத் தடித்திருக்கிறது. மூடவில்லை.

பழைய மரங்களைச் சாய்த்து மறுநடவு போடப்போகிறார்கள் என்று பேச்சு. நீங்கள் ஏதாவது ஒரு தோட்டத்தில் இருக்கிறீர்கள் என்றால், கோடாலி வருமுன் லயம் லயமாகப் போய், யார் எந்த நிரையோரம் கிடக்கிறார்கள் என்று கேளுங்கள். பெயரைத் தாளில் எழுதுங்கள். தாள் இல்லையென்றால் கத்தியை எடுங்கள், கட்டைவரை இறக்குங்கள்.