கடித்துப் பார்க்காத முத்துமாலை

மாலையை இரண்டு கையாலும் ஏந்தி, ஒரு முத்தை மட்டும் வெள்ளைத் துணியால் துடைத்து, வாடிக்கையாளருக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்கிறார். முன்பல்லின் விளிம்பில் அந்த முத்தை லேசாக ஓர் இழுப்பு. கண்கள் மூடியிருக்கின்றன. "நறநறங்குது. முத்துதாம்மா, சந்தேகமே வேணாம்." கண்ணாடி மணி என்றால் பல்லில் வழுக்கிக்கொண்டு போய்விடுமாம். அப்போது மட்டும் குரலைத் தணித்து, "அழகா இருக்கு, போட்டுக்கோங்க" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

இந்த மனிதர் என் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருக்கிறார். நகைக்கடையில் முத்துப் பிரிவு முழுக்க அவர் பொறுப்பு. அங்கே அவருக்குப் பெயர் பல்லுக்காரர். அதில் பெருமைதான். வீட்டில் வேறு கதை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மனைவியின் குரல் வந்துவிடும்: "ஊரார் கழுத்துல கிடந்ததையெல்லாம் கடிச்சிட்டு வந்திருப்பீங்க. முதல்ல வாயக் கொப்பளிங்க." கொப்பளிக்கும் சத்தம் எனக்குக் கீழே கேட்கும். சாயங்காலம் ஆகிவிட்டது என்று நானும் விளக்கைப் போடுவேன்.

வைரம் என்று யாராவது வாயைத் திறந்தால் அவருக்குப் பொறுக்காது. "அத வெட்டணும், தீட்டணும், மேல விளக்குப் போடணும். முத்து சிப்பிலேர்ந்து வர்றப்பவே குளிச்சு முடிச்சு வர்ற மாதிரி வருது." ஒரு காலத்தில் மூச்சை அடக்கிக் கடலுக்குள் போனவன் கொண்டுவந்தால்தான் உண்டு. கூடை கூடையாகப் பிளந்தும் ஒன்றும் தேறாத நாள்களே அதிகம் என்பதால், அரண்மனைக் கழுத்துகளைத் தாண்டி முத்து வெளியே வரவில்லை. பிறகு பண்ணையில் சிப்பி வளர்க்கக் கற்றுக்கொண்டார்கள். பள்ளிக்கூட டீச்சர் கழுத்துக்கும் முத்து வந்தது. வளர்த்த முத்து மட்டம்தானே என்று கேட்டு ஒருமுறை நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். "வளத்த பிள்ளையும் பிள்ளைதான் சார். பல்லுல வச்சா ரெண்டும் ஒரே மாதிரிதான் பேசும்."

பஸ்ஸில் போனாலும் அடுத்தவர் கழுத்தையே பார்த்து அடிவாங்காமல் தப்பிக்கிற இந்த மனிதர், மனைவியின் கழுத்தை மட்டும் நேராகப் பார்ப்பதில்லை. அங்கே ஓர் ஒற்றை வட முத்துமாலை. கடையில் தூசி துடைக்கச் சேர்ந்த புதிதில், முதல் சம்பளத்தில், தெருவில் விற்றவனிடம் வாங்கித் தந்தது. பல் வித்தை அப்போது தெரியாது. தெரிந்த பிறகு தைரியம் வரவில்லை. "போலின்னு தெரிஞ்சா அவ முகத்துல எப்படி சார் முழிப்பேன்?" என்று என்னிடம் மட்டும் சொல்லியிருக்கிறார்.

போன மாதம் அந்த முன்பல் இரண்டும் ஆட ஆரம்பித்தன. எடுத்தே ஆகவேண்டும் என்று பல் டாக்டர் சொல்லிவிட்டார். கடையில் சோதிக்க மெஷின் வந்துவிட்டது, வேலைக்கு ஆபத்தில்லை. ஆனால் மனிதர் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. பல் போய்விட்டால் அந்த மாலை நிஜமா பொய்யா என்று தன் வாயால் தெரிந்துகொள்ள வழியே இல்லை. எனக்கே பாவமாக இருந்தது.

பல் எடுக்கும் நாளன்று துணைக்கு நானும் போனேன். அவரைக் கூப்பிடும் நேரம். அவர் மனைவி பின்கழுத்துக்குக் கைகொண்டுபோய் மாலையைக் கழற்றி அவர் மடியில் வைத்தார்.

"இதையும் பாத்துட்டுப் போங்க. இத்தனை வருஷமா பல்லு நமநமன்னுதானே இருந்துச்சு?"

அவர் கையில் எடுத்தார். உதடு வரைக்கும் கொண்டுபோனார். இறக்கிவிட்டார். "வேணாம்டி."

"பயப்படாதீங்க. நீங்க அந்த வித்தையக் கத்துக்கிட்டு வந்து பீத்திக்கிட்டீங்களே, அன்னைக்கே நான் கடிச்சுப் பாத்தாச்சு."

"என்ன ஆச்சு?"

"வழுக்கிக்கிட்டுப் போச்சு." அந்த அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அழகா இருந்துச்சு, போட்டுக்கிட்டேன்."

உள்ளேயிருந்து நர்ஸ் கூப்பிட்டாள். அவர் எழுந்திருக்கவில்லை. மனைவி அவர் பக்கம் முதுகைத் திருப்பி, ஒரு கையால் கொண்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவர் கொக்கியை மாட்டுவதற்காகத் தலையைத் தாழ்த்தினார்.