குங்குமம் வைத்த ஃபிளாப்பி

நேற்று ஆயுத பூஜை. கல்லூரி ஆய்வகத்தில் மாணவிகள் மடிக்கணினிகளை வரிசையாக அடுக்கி, மூடியில் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தார்கள். "மேடம், நீங்களும் வைங்க" என்று ஒருத்தி கிண்ணத்தை நீட்டினாள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். உங்களிடம் சொல்வதற்கென்ன, ஈரச் சந்தன வாசனை வந்தாலே எனக்கு மானம் போகிறது.

தொண்ணூறுகளின் நடுவில் நான் ஆராய்ச்சி மாணவி. வேங்கிக்கால் பக்கம் ஒரு குட்டை. அதில் பறக்கும் தட்டான்களை வகைவகையாக எண்ணுவதுதான் என் ஆய்வு. கரையோரம் நெல் வைத்திருந்த கோவிந்தன் அண்ணன், "ஏம்மா, இத எண்றதுக்கா அவ்ளோ படிச்ச?" என்று சிரிப்பார். வெயில் ஏறினால் பம்புசெட்டுக் கொட்டகை நிழலில் உட்காரச் சொல்வார்.

எண்ணியதையெல்லாம் செங்கம் சாலையில் பாஸ்கர் அண்ணனின் டைப்பிங் கடைக் கணினியில் ஏற்றினேன். கட்டம் கட்டமாக எண்கள். பொத்தானைத் தட்டினால் கூட்டல் வந்து நிற்கும். அடேயப்பா, எனக்கு வந்த திமிரைப் பார்க்கவேண்டுமே! "இனிமே பேப்பர் எதுக்குண்ணா?" என்று, குட்டையோரம் எழுதிய தாள்களையெல்லாம் பக்கத்து டீக்கடையில் கொடுத்துவிட்டேன். அதிலேயே எனக்கு வாழைக்காய் பஜ்ஜி கட்டிக் கொடுத்தார்கள். எண்ணெயில் ஊறிய தட்டான் பெயர்களைப் படித்துக்கொண்டே தின்றேன்.

அந்த வருஷ ஆயுத பூஜைக்குப் பாஸ்கர் அண்ணன் கடையைக் கழுவி வெள்ளையடித்தார். கணினியையும் விடவில்லை; உள்ளே இருந்த எல்லாவற்றையும் துடைத்து அழித்துவிட்டார். முன்கூட்டியே சொல்லியும் இருந்தார். எனக்கென்ன கவலை, இரண்டு ஃபிளாப்பியில் பத்திரமாக இருக்கிறதே! இரண்டையும் சாமி படத்துக்கு முன் வைத்தேன். ஃபிளாப்பியைத் திருப்பினால் நடுவில் வட்டமாக ஒரு தகடு இருக்கும், பொட்டு வைக்கவே செய்தது போல. ஈரச் சந்தனத்தை அங்கே அப்பினேன்; மேலே குங்குமம்.

விஜயதசமியன்று போட்டால் கணினி கரகரவென்று இழுத்தது. பாஸ்கர் அண்ணன் ஃபிளாப்பியை வெளியே எடுத்து, அதன் தகட்டு மூடியைத் தள்ளிப் பார்த்தார்.

"என்னாம்மா, உள்ள பூரா குங்குமமா கீது?"

"பத்திரமா இருக்கட்டும்னு வெச்சேண்ணா."

"சரி, இன்னொண்ணு?"

"அதுக்கும் வெச்சிட்டேன்."

அவர் திட்டவில்லை. தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கேட்டவர்களெல்லாம் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். வேறு தலைப்பில் ஆய்வை முடித்து வேலைக்கும் போய்விட்டேன். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. சில வருஷம் கழித்துக் கோவிந்தன் அண்ணன் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். குட்டையைத் தூர்த்து மனை போடப்போகிறார்களாம்.

"அது வெறும் சேத்துப் பள்ளம், ஒரு உயிரும் இல்லன்றாங்க. நீ எண்ணி வெச்சியே, அதக் குடும்மா. காட்டணும்."

"இல்லண்ணா" என்றேன்.

"இல்லயா? அத்தினி நாளு நின்னு எண்ணினியேம்மா. நான் பாத்தேனே!"

கூனிக் குறுகிப்போனேன். சந்தனம் வைத்த கதையை அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? நானே நேரில் வந்து சொல்கிறேன் என்றேன். தாலுகா அலுவலகத்துக்குப் போய்ச் சொல்லவும் செய்தேன். எழுத்தில் இருக்கிறதா என்று கேட்டார்கள். அவ்வளவுதான்.

இப்போது அங்கே வரிசையாக வீடுகள். பம்புசெட்டுக் கொட்டகை இல்லை, டைப்பிங் கடையும் இல்லை. மழை விட்டு வெயிலடித்தால் மட்டும் சில தட்டான்கள் வருகின்றன. வாசலில் நிற்கும் காரின் பளபளப்பைத் தண்ணீர் என்று நம்பி, வாலால் தொட்டுத் தொட்டு அதன்மேல் முட்டையிடுகின்றன. எண்ணலாம்தான். எந்த முகத்தோடு எண்ணுவேன்?