கெர்னலில் ஒரு பெயர்

கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினால் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சந்தோஷப்பட்ட ஒரே ஆள் என் தங்கை வீணாவின் கணவர் உமேஷ்தான்.

ஆயுத பூஜை முடிந்த வாரம் அல்சூரில் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். ஹாலில் மிக்ஸி ஓடுகிற மாதிரி சத்தம். பார்த்தால் மாப்பிள்ளையின் கம்ப்யூட்டர். உள்ளே இருக்கும் ஃபேன் அலறிக்கொண்டிருந்தது, எதிரே உட்கார்ந்திருந்த மனிதர் முகத்தில் கல்யாணக் களை.

"வாங்க மச்சான்! நான் ஒண்ணுமே ஓட்டல, ப்ராசசர் சும்மாவே கொதிக்குது. எல்லாம் புது கெர்னல் பண்ற வேலை!"

"அதுக்கு எதுக்குப் பல்லைக் காட்டுறீங்க?"

காரணம் இருந்தது. உமேஷுக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. பிரிண்டரில் சிக்கிய பேப்பரை உருவுவது, பாஸ்வேர்டை மறந்த டீச்சருக்குப் புதிது போட்டுத் தருவது, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்தால் லினக்ஸ் பக்தர். கல்யாணமான புதிதில் வீணாவை லால்பாக்குக்குக் கூட்டிப்போய், ரோஜாச் செடிகளுக்கு நடுவில் நிற்க வைத்து, லினக்ஸ் ஏன் இலவசம் என்று விளக்கிய மகானுபாவர்.

கம்ப்யூட்டரை இயக்கும் அந்த லினக்ஸின் அடிப்படை நிரலுக்குத்தான் கெர்னல் என்று பெயர். உலகம் பூராவும் ஆயிரக்கணக்கான பேர் சேர்ந்து எழுதுவது. அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. யாராவது ஒரு பிழையைக் கண்டு சொன்னால், அதைத் திருத்தும்போது 'சொன்னவர் இன்னார்' என்று பெயரையும் சேர்த்துப் பதிந்துவிடுவார்கள். அது என்றைக்கும் அழியாது. அங்கே தன் பெயர் வர வேண்டும் என்பதுதான் உமேஷின் ஒரே ஆசை. அவர் எழுதிப் போட்ட பிழைகளை எல்லாம் வேறு யாராவது முன்பே சொல்லியிருப்பார்கள். பந்தி முடிந்த பிறகு இலையைத் தேடி வருகிறவர் என்று நான் கிண்டல் செய்வேன்.

இந்த முறை இவர்தான் முதல் ஆள். அவர் மெஷினை அணைப்பதே ஆயுத பூஜைக்கு மட்டும்தான். எப்போதோ போட்டு வைத்த புது கெர்னல், மறுபடி ஆன் செய்தபோதுதான் வேலைக்கு வந்தது. அன்றிலிருந்துதான் இந்த அலறல். இணையத்தில் சல்லடை போட்டுத் தேடியும், வேறு யாரும் இதைப் பற்றி எழுதியிருக்கவில்லை. மனிதர் உடனே கெர்னல்காரர்களுக்கு எழுதிப் போட்டுவிட்டார்.

அந்தப் பகுதியைக் கவனித்துக்கொள்ளும் நார்வே பெண்மணி ஒருவரிடமிருந்து பதில் வந்தது. பழைய கெர்னலில் இந்தக் கோளாறு இல்லைதானே, பார்த்தீர்களா என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. மாப்பிள்ளை பார்க்கவில்லை. இடம் அடைக்கிறது என்று பழையதைத் துடைத்துவிட்டாராம். பார்க்க மனசு வரவில்லை என்பது என் அபிப்பிராயம்.

ஞாயிற்றுக்கிழமை நான் மறுபடி போயிருந்தபோது, என் எதிரிலேயே பழைய கெர்னலை இறக்கி ஓட்டினார். ஃபேன் அதே மாதிரி அலறியது. அவர் முகம் செத்துவிட்டது. கோளாறு புதுசால் வந்ததில்லை என்றால் அவர் சொன்ன பிழையே இல்லை.

பிறகுதான் மெஷின் எழுதி வைக்கும் குறிப்புகளைத் திறந்தார். ஒரே வரி ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. பென்டிரைவ் செருகும் முன்பக்க ஓட்டையில் யாரோ எதையோ செருகியிருக்கிறார்கள், அது என்ன என்று மெஷின் கேட்டால் பதிலே இல்லை. யாரோ காலிங்பெல் அடிக்க, போய்ப் பார்த்தால் வாசலில் ஆள் இல்லை என்கிற மாதிரி. ப்ராசசர் பாவம், இந்த வேலையாகவே ஓடி ஓடிக் கொதித்துக்கொண்டிருந்தது.

டார்ச் அடித்துப் பார்த்தோம். ஓட்டைக்குள்ளே சந்தனம். அதன் மேல் குங்குமம். மழை ஈரத்தில் காயக்கூட இல்லை.

"வீணா! எவளாவது இங்க சந்தனம் வெப்பாளா?"

"போன வருஷம் சைடுல வெச்சேன், காத்து போற வழின்னு கத்துனீங்க. அதான் இந்த வாட்டி நெத்தி எதுன்னு பாத்து வெச்சேன்."

"உன் பூஜையால என் பேரே போச்சு!"

கண்ணில் தண்ணீர் முட்ட என் தங்கை சமையல்கட்டுக்குள் போய்விட்டாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"அவ அந்த டப்பாவையா கும்பிட்டா? உங்களுக்காகத்தானே கும்பிட்டா?" என்றேன்.

மாப்பிள்ளை பழைய டூத்பிரஷ்ஷால் ஓட்டையைத் துடைத்தார். ஃபேன் அடங்கியது. நார்வேக்கு எழுத உட்கார்ந்தவரிடம், பேசாமல் விட்டுவிடுங்கள், யாருக்குத் தெரியப்போகிறது என்றேன்.

"அந்தம்மா இதையே தேடிட்டிருப்பாங்க மச்சான். பாவம், அலைய விடக் கூடாது."

இந்த மனிதருக்குத் தங்கையைக் கொடுத்தது தப்பில்லை என்று அப்போது நினைத்தேன். பூஜை, சந்தனம் எல்லாவற்றையும் எழுதி, மன்னிப்பும் கேட்டு அனுப்பினார்.

அடுத்த நாள் சாயங்காலம் பதில் வந்ததும் என்னைக் கூப்பிட்டுவிட்டார். 'ஒரு துளி அழுக்குக்குப் போய் ப்ராசசர் இப்படித் திண்டாடக் கூடாது. பழையதிலும் இருப்பதால் இது பல வருஷமாக யார் கண்ணிலும் படாத எங்கள் பிழை. திருத்தம் அனுப்பியிருக்கிறேன், அதே நிலைமையில் ஓட்டிப் பார்த்துச் சொல்லுங்கள்.'

நான் போனபோது மாப்பிள்ளை கடைச் சந்தனப் பவுடரைத் தண்ணீரில் குழைத்து ஓட்டையில் அப்பிக்கொண்டிருந்தார். ஃபேன் அலறவே இல்லை. கடைசியில் எழுந்து சமையல்கட்டு வாசலில் போய் நின்றார்.

"வீணா, அன்னிக்கு வெச்ச மாதிரி கொஞ்சம் சந்தனம் வெச்சுத் தாயேன்."

"எதுக்கு? இன்னொரு வாட்டி உங்க பேரு போறதுக்கா?"

"தப்பா பேசிட்டேன். மனசுல வெச்சுக்காத."

அவள் கொஞ்ச நேரம் பாத்திரத்தையே தேய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். சந்தனத்தைப் பன்னீர் விட்டுக் குழைத்து, ஓட்டையில் வைத்து, மேலே குங்குமமும் இட்டாள். பன்னீரோ குங்குமமோ, எது கைகொடுத்ததோ, ஃபேன் அலறியது. மாப்பிள்ளை கை தட்டினார். திருத்தத்தைப் போட்டு மறுபடி ஓட்டியதும், லேசாக முனகிவிட்டு அடங்கியது.

முடிவை எழுதி அனுப்பினார். பதிலில், பிழையைச் சொன்னவர் என்று யார் பெயரைப் பதியட்டும் என்று அந்தப் பெண்மணி கேட்டிருந்தார். மாப்பிள்ளை கீபோர்டில் கை வைத்தபடி திரும்பினார்.

"உன் பேர எப்படிப் போடணும்? வெறும் வீணாவா?"

"என் பேரா? நீங்க ஆசப்பட்டதாச்சே!"

"நீ வெக்கலன்னா இது யாருக்குத் தெரிஞ்சிருக்கும்? சொல்லு."

அவள் விரலில் ஒட்டியிருந்த சந்தனத்தைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே யோசித்தாள்.

"வீணா உமேஷ்னு போடுங்க. ரெண்டு பேரும் வந்துடுவோம்."

இரண்டே சொற்களை டைப் அடிக்க மாப்பிள்ளைக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.