அப்பா படுக்காத எட்டு மணித்தியாலம்

அப்பாவின் ஒவ்வொரு நாளுக்கும் நான்கு கோடுகள் இருந்தன. முதற்கோடு ஓய்வு. இரண்டாவது, ட்ரக்கின் பின்கட்டிலில் படுக்கை. மூன்றாவது ஓட்டம். நான்காவது, ஓட்டாமல் செய்கிற வேலை. எந்த மணிக்கு என்ன செய்தாரோ அந்தக் கோட்டில் பேனையால் இழுத்துக் காட்டவேண்டும். இப்போது ஒரு சின்னப் பெட்டி தானாகவே அதைப் பதிந்துகொள்கிறது. அப்போது லொக் புத்தகம் என்கிற நாட்பதிவுதான். ஸ்டியரிங்கின்மேல் வைத்து இழுப்பதால் அப்பாவின் கோடுகள் மண்புழுப்போல நெளியும். எனக்கு ஒன்பது வயது. என்னிடம் ஒரு அடிமட்டம் இருந்தது. ஆகவே அவரோடு போகும் நாட்களில் கோடு இழுப்பது என் உத்தியோகம்.

அந்தச் சனிக்கிழமை தம்பிக்கு முதல் நன்மை, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். ஸ்காபரோவில், மாலை ஏழரைத் தமிழ்ப் பூசையில். தாயும் தகப்பனும் பிள்ளையை நடுவில் விட்டுப் பீடம்வரை கூட்டிப்போக வேண்டும். தம்பி ஒரு கிழமையாக இரண்டு கதிரைகளுக்கு நடுவில் நடந்து பழகினான். அப்பாவுக்கு உயரமான கதிரை. அன்றைக்கென்று பார்த்து அப்பாவுக்கு வின்ட்சருக்கு ஒரு லோட். பலகாரச் சட்டிக்குப் பக்கத்தில் நான் நின்றால் பாதிதான் மிஞ்சும் என்று அம்மா என்னையும் அவரோடு ஏற்றிவிட்டார். கொம்பனியில் அதற்கு அனுமதிக் கடிதமும் வாங்கியிருந்தார்கள். ஆறரைக்கு வீட்டில் நிற்போம் என்று அப்பா தம்பியின் தலையைத் தொட்டுச் சொன்னார்.

அவர் வேலை தொடங்கியது விடியப்புறம் இரண்டு மணிக்கு. நான் நித்திரையால் எழும்பியபோது மணி ஆறரை. வின்ட்சரில் ஒரு பெரிய பண்டகசாலையின் வாசலில் பதினோராவது ட்ரக்காக நின்றோம். எட்டு மணியானது, பத்தானது. அரை மணிக்கொருதரம் பச்சைச் சட்டைக்காரன் வந்து கதவில் தட்டுவான். அப்பா ஒரு ட்ரக் நீளத்துக்கு முன்னே எடுப்பார். தட்டும்போது ஆள் இல்லாவிட்டால் வரிசை போய்விடும். கண்ணை மூட வழியில்லை. எங்களுக்குப் பின்னால் வந்த ஒருவனை முன்னால் கூப்பிட்டபோது அப்பா, “காத்திருந்தவன் பெண்டாட்டியை…” என்று தொடங்கி, என்னைப் பார்த்துவிட்டு மிச்சத்தை விழுங்கினார். ஓடிக் களைத்தவனுக்குச் சோறு இறங்கும், நின்று களைத்தவனுக்குத் தண்ணீரும் இறங்காது என்பார் அவர். அன்று அம்மா கட்டித்தந்த புட்டு அப்படியே கிடந்தது.

எல்லாவற்றையும் இறக்கி முடிக்க இரண்டரை. அப்பா இருக்கையில் ஏறி, கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்திருந்தார். பிறகு புத்தகத்தை என்னிடம் தந்தார்.

“ஆறரையில இருந்து ரெண்டரை மட்டும் ரெண்டாம் கோட்டில இழு, பிள்ளை.”

“அது கட்டில் எல்லே அப்பா. நீங்கள் படுக்கேல்லையே.”

ஒரு நாளில் பதினாலு மணித்தியாலம் வேலையில் இருந்தவர் அதற்குமேல் ட்ரக் ஓட்டக்கூடாது, எட்டு மணித்தியாலம் ஓய்ந்தபிறகுதான் மறுபடி ஓட்டலாம் என்று அவர்தான் எனக்குச் சொல்லித் தந்திருந்தார். காத்து நிற்பதும் வேலைதான். அதைப் படுக்கையென்று எழுதினால் வீடு வரைக்கும் போகலாம். உள்ளபடி எழுதினால் இன்னும் ஒன்றரை மணித்தியாலம்தான். இந்தக் கணக்கை நான் போட்டுப் பார்க்கவில்லை. என் மண்டைக்குள் இருந்தது, தம்பி சுவாமியாரிடம் முதன்முறை பாவசங்கீர்த்தனம் செய்வதற்காக மறைக்கல்வி வகுப்பில் சொல்லிக்கொடுத்த, பொய்யும் சேர்ந்த பாவப் பட்டியல்.

“இதையும் நீங்கள் சுவாமியிட்டச் சொல்லவேணுமா?” என்று கேட்டேன். குத்திக் கேட்கவில்லை, அறியத்தான் கேட்டேன்.

அப்பா பேனையை என் கையிலிருந்து வாங்கி, நான்காம் கோட்டில் தானே இழுத்தார். அடிமட்டம் கேட்கவில்லை. அன்றைக்கு இழுத்ததுதான் அவர் இழுத்ததிலேயே மோசமாக நெளிந்த கோடு.

நாலு மணிக்கு, வழியில் வரும் லண்டன் என்ற ஊருக்குக் கொஞ்சம் முன்பாக, ட்ரக்குகள் இராத்தங்கும் ஒரு ட்ரக் ஸ்டொப்பில் நிறுத்தினார். வீட்டுக்கு இன்னும் இரண்டரை மணித்தியால ஓட்டம். எனக்கு ஒரே புழுகம். டோனட் கிடைத்தது, இரவைக்குக் கட்டிலும் எனக்கென்று ஆனது. அப்பா அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தார். அம்மாவின் குரல் எனக்கே கேட்டது.

“எல்லாரும் படுத்ததெண்டு எழுதிப்போட்டு வீட்டை வருகினம். உங்களுக்கு மட்டும் என்ன, அரிச்சந்திரன் எண்ட நினைப்பே? அவன் வெள்ளைச் சட்டையும் போட்டுக்கொண்டு வாசலில நிக்கிறான்.”

அப்பா தன் இடத்தில் மாமாவை நிற்பாட்டி, தம்பியைப் பீடம்வரை கூட்டிப்போகச் சொன்னார். அம்மா மறுபடியும் ஏதோ சொல்ல, குரலைத் தாழ்த்தி, “பிள்ளை பக்கத்தில இருந்தவள்” என்றார்.

அதற்குப்பிறகு அம்மாவின் சத்தம் வரவில்லை. தூரத்தில் நிற்கும் நான் பத்திரமாக இருக்கிறேன் என்று அப்பா அவருக்கு ஆறுதல் சொல்கிறார் என்று நினைத்தேன். எனவே நானும் எட்டி, ஓம் அம்மா, எனக்கு ஒன்றுமில்லை, நல்லாய் இருக்கிறன் என்று தொலைபேசிக்குள் சொன்னேன்.