கூறைக்குப் பொருந்திய சிவப்பு

தங்கச்சியின் கூறைச்சேலையோடு வந்த பிளவுஸ் துணி, முழங்கை வரை கை வைத்துத் தைக்கக் காணாது. அவளுக்கோ முழங்கைக் கைதான் வேண்டும். கைக்கு மட்டும் அதே சிவப்பில் துணி தேடி டவுன் கடைகளை ஒரு அலசு அலசி, சில துண்டுகளை நாவற்குடாவில் வீட்டோடு சேர்ந்து இருக்கும் என் தையல் கடைக்குக் கொண்டுவந்தேன். மேசைக்கு மேலே புது எல்இடி பல்ப் பளீரென்று எரிந்தது. அதன் கீழே ஒரு துண்டு கூறையோடு அச்சொட்டாகப் பொருந்தியது. அன்றைக்கே வெட்டித் தைத்துவிட்டேன்.

மறுநாள் காலை தங்கச்சி அதைப் போட்டுக்கொண்டு முற்றத்தில் இறங்கினாள். பிளவுஸ் நல்ல இரத்தச் சிவப்பு, கை இரண்டும் செங்கல் நிறம்.

"என்னக்கா இது? வேற ஆற்றயோ கையக் கொண்டுவந்து ஒட்டின மாதிரிக் கிடக்கு" என்றவள் அழத் தொடங்கிவிட்டாள். கலியாணத்துக்கு ஒரு கிழமைகூட இல்லை.

எனக்கு அந்த பல்பின் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அதை மாட்டியவர் என் மனுசன், வயரிங் வேலை செய்பவர். "நீங்க போட்ட பல்ப்தான் என்னக் கவுத்துப் போட்டுது" என்று பாய்ந்தேன்.

"நல்ல வெளிச்சம் வேணும் எண்டுதானே கேட்டாய்? நிறம் சரியாத் தெரிய வேணும் எண்டு கேக்கல்லயே" என்று அவர் சிரித்தார்.

அந்தச் சிரிப்புக்காகவே பல்ப் பெட்டியை எடுத்து முதல் தடவையாக வாசித்தேன். புரியாததை அவரிடமே வீம்போடு கேட்டேன். லுமன் என்பது பல்ப் வெளியே விடும் வெளிச்சம். லக்ஸ் என்பது துணியில் வந்து விழும் வெளிச்சம். கெல்வின் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம் கலந்த வெள்ளை. நிறத்தை உள்ளபடி காட்டுவதற்கு நூற்றுக்கு இத்தனை என்று இன்னொரு புள்ளியும் இருக்கிறது. என் பல்ப் கோட்டை விட்டது அதில்தான். மலிவு பல்புகள் பெரும்பாலும் சிவப்பில்தான் ஏமாற்றுமாம்.

போனில் லக்ஸ் அளக்கும் செயலியை இறக்கி மேசை, குசினி, கோழிக்கூடு என்று எல்லாவற்றையும் அளந்து தள்ளினேன். "மீன் குழம்புக்கும் எத்தின லக்ஸ் எண்டு பாரன்" என்றார் மனுசன். மேசையில் லக்ஸுக்குக் குறையே இல்லை. அதைப் பார்க்க இன்னும் எரிச்சல் வந்தது.

புள்ளி கூடிய பல்ப் வாங்கி மாட்டி, திரும்பவும் கடை கடையாக ஏறித் துண்டுகள் கொண்டுவந்து, அதன் கீழே ஒரு சிவப்பைத் தெரிந்தெடுத்தேன். முற்றத்து வெயிலிலும் அது மாறவில்லை. ஆனாலும் மனம் ஆறவில்லை. கலியாண மண்டபம் கல்குடாவில். அங்கே எரிவது மஞ்சள் விளக்கு. துணியோடு பஸ் ஏறிப் போய், காவலாளியிடம் கெஞ்சி எல்லா விளக்கையும் போடச் சொன்னேன். அங்கேயும் பொருந்தியது. வீட்டுக்கு வந்து பழைய கைகளைப் பிரித்துப் புதியதை வைத்துத் தைத்தேன்.

கலியாணத்தன்று தங்கச்சி கூறை மாற்றிக்கொண்டு மண்டப வாசலுக்கு வந்தாள். நல்ல உச்சி வெயில். சனமெல்லாம் கலியாணப் பொம்பிளையைப் பார்க்க, நான் அவளுடைய கைகளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எப்பிடியக்கா இருக்கு?" என்று கேட்டாள்.

"ரெண்டும் ஒரே சிவப்பு. ஒரு வித்தியாசமும் இல்ல."

"பிளவுஸ ஆர் கேட்டது? நான் எப்பிடி இருக்கன்?"

அப்போதுதான் நிமிர்ந்து அவளுடைய முகத்தைப் பார்த்தேன். அவ்வளவு வடிவாக இருந்தாள். எனக்கு அழுகைதான் வந்தது.