காசியம்மாவின் திறந்த கண்கள்

"தூங்குதுன்னு வுட்டுட்டோம் சார்" என்று போனில் செல்வி அழுதபோது எனக்கு முதலில் எதுவும் விளங்கவில்லை. புளி மூட்டையோடு ஜீப்புக்குக் காத்திருந்த அவள் அம்மா காசியம்மா, மரத்தில் சாய்ந்தபடியே இறந்துபோயிருக்கிறார். பக்கத்தில் ஊர் ஜனம் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. ஜீப் வந்து எழுப்பப் போனபோதுதான் தெரிந்திருக்கிறது.

நெல்லிவாசல் மலைக்கு ஜீப்பில் போய்வந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காசியம்மா உட்கார்ந்தால் தூங்கிவிடுவார். மூட்டையை ஏற்றும் வரைக்கும் வாய் ஓயாது, உட்கார்ந்ததும் குறட்டை. "காசியம்மா ஏறிடுச்சா, தூங்கிடுச்சா?" என்று கேட்காமல் டிரைவர் வண்டியை எடுத்ததில்லை. நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

நான் திருப்பத்தூரில் ஓவிய ஆசிரியன்; படம் வரைய அந்த மலைக்கு அடிக்கடி போவேன். அவரை வரைய வேண்டும் என்று கேட்டபோது, "என்னையா? வேற வேல இல்லயா உங்களுக்கு?" என்றார். சாமை அறுப்பு முடிந்த ஒரு மத்தியானம், முறத்தை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தார். நான் பென்சிலைச் சீவி முடிப்பதற்குள் தூங்கிவிட்டார். எழுப்ப மனம் வரவில்லை. அப்படியே வரைந்தேன்.

வண்ணம் தீட்டி எடுத்துப்போய்க் காட்டினேன். முறம், நரைமுடி, வெடித்த பாதம் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தவர், முகத்துக்கு வந்ததும் சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். "இன்னா சார், பொணத்த உக்கார வெச்ச மாதிரி கீது! கண்ணத் தொறந்து வைங்க."

எப்படித் திறப்பது? விழித்திருந்தால் அவர் ஒரு இடத்தில் நிற்பதில்லை. புளி உலுக்கும்போதும் மூட்டை கட்டும்போதும் பின்னாலேயே அலைந்து, கண்களை மட்டும் வரைந்துகொண்டேன். "ஆட்டுக்குட்டி மாதிரி பின்னாடியே வர்றீங்களே" என்று சிரித்தார். திருத்திய படம் அவருக்குப் பிடித்திருந்தது. "ஆனா வூட்டுக்கு வேணாம். செவுத்துல மாட்டுனா செத்துட்டேன்னு நெனப்பாங்க. நீங்களே வெச்சினு இருங்க."

அந்தப் படத்தைத்தான் செல்வி கேட்டாள். வேறு படம் இல்லையாம். கொண்டுபோய்க் கொடுத்தேன். மாலை போட்டுவிட்டு அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்கம்மா உக்காந்துனு முழிச்சிருந்து நான் பாத்ததே இல்ல சார்" என்றாள். நானும் பார்த்ததில்லை.

என்னிடம் மிச்சம் இருப்பது, பின்னால் அலைந்து கண்களை மட்டும் வரைந்த அந்தத் தாள்கள்தான். மேசைமேல் கிடக்கின்றன. அந்த மரத்தடியில் நான் இருந்திருந்தாலும் அவரை எழுப்பியிருக்க மாட்டேன். பென்சிலை எடுத்திருப்பேன்.